பங்க் சிங்கிள்களைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

டர்ன்டேபிள், ப்ரீஆம்ப் (முள்ளிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி), கணினி மூன்றையும் இணைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 1976-82 காலத்து ஏழு அங்குல பங்க் ராக் சிங்கிள்களை, அதாவது பக்கத்துக்கு ஓரிரு பாட்டு மட்டுமே உள்ள சிறிய இசைத்தட்டுகளைத் தூசி தட்டி மறுபடி கேட்க வேண்டும், கூடவே ஒரு பிரதியும் எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதானே?

1. கழுவுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மைக்ரோஃபைபர் துணி. பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை. நன்றாகக் காயட்டும். மரம் ஒட்டும் பசையைத் தடவி, காய்ந்ததும் அழுக்கோடு உரிக்கும் வித்தையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

2. முள். ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ தாராளமாகப் போதும். முள் தட்டை அழுத்தும் எடை 2 கிராம். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்பார்கள், நம்பாதீர்கள். சத்தம் கூடும் இடத்தில் முள் பிடிப்பு விட்டுப் பள்ளத்தைக் கெடுக்கும்.

3. பதிவு. ஆடாசிட்டி மென்பொருள், 44,100 ஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் -6 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். இரண்டு பக்கத்தையும் பதியுங்கள். தி க்ளாஷ் குழு 1982இல் வெளியிட்ட ஒரு சிங்கிளின் மறுபக்கம் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’. ‘எம்.ஐ.ஏ.’ என்ற பெயரில் பாடும் நம் மாயா அருள்பிரகாசத்தின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டுக்கு அடித்தளமே அதுதான்.

4. ‘டிக் டிக்’ சத்தம். நான் நெடுநேரம் மல்லுக்கட்டிய இடம் இது. ‘கிளிக் ரிமூவல்’ என்ற பொத்தானைக் கண்டதும் முழுப் பாட்டையும் தேர்ந்தெடுத்து அழுத்தத்தான் கை போகும். வேண்டாம். திடீரென்று எகிறும் எதையும் அது கீறல் என்று நினைத்துக்கொள்ளும். பங்க் இசையில் திடீரென்று எகிறாதது எது? தி டேம்ண்ட் குழுவின் ‘நியூ ரோஸ்’ (1976) பாட்டில், தொடக்கப் பேச்சு முடிந்ததும் ராட் ஸ்கேபிஸ் டிரம்ஸில் இறங்குவார் பாருங்கள், அந்த அடியின் முனையே மழுங்கிவிடும். அதனால் காதை உறுத்தும் கீறலை மட்டும் தேடிப் பிடியுங்கள். அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கி, அந்த ஊசி முனையை மட்டும் தேர்ந்தெடுத்து ‘ரிப்பேர்’ கொடுங்கள். ஒரு தடவைக்கு 128 சாம்பிள்தான் (பதிவான ஒலியின் மிகச் சிறிய துண்டுகள்) ஏற்கும். கீறலுக்கு அது போதும். ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ பக்கமே போகாதீர்கள். மிச்சமிருக்கும் மெல்லிய இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

சேமிப்பது ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பில். எம்பி3 வேண்டுமானால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: ஜாய் டிவிஷன் குழுவின் ‘ஆன் ஐடியல் ஃபார் லிவிங்’ தட்டு மங்கலாகக் கேட்கிறது, முள் போய்விட்டதா என்று ஒருவர் கேட்டிருந்தார். முள் மேல் பழி போடாதீர்கள். 1978இல் ஏழு அங்குலத்துக்குள் நான்கு பாட்டுகளைத் திணித்ததில் ஒலி அப்படி ஆனது. அதே ஆண்டு பன்னிரண்டு அங்குலத்தில் மறுபடி வெளியிட்டார்கள்.

இன்னொன்று: அமெரிக்கத் தட்டுகளில் நடுத்துளை பெரிது, அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றில் பல வினைல் அல்ல, பாலிஸ்டைரின். வளையாமல் விறைப்பாக இருக்கும், சீக்கிரம் தேயும். ஆல்கஹால் கலந்த கிளீனரை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்.