ஹிரோஷிமா கதிர்வீச்சு ஆய்வு: நாம் தப்பாகப் படிக்கும் இடங்கள்

கதிர்வீச்சு உடம்பை நீண்ட காலத்தில் என்ன செய்யும் என்பதில் உலகத்துக்குத் தெரிந்த பெரும்பகுதி ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களால்தான் தெரிந்தது. 1950-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கை வைத்து சுமார் 1,20,000 பேரை வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் அந்த ஆய்வு இன்னும் முடியவில்லை. ஆனால் அதன் பெயரைச் சொல்லி நம்மிடம் சுற்றுகிற பேச்சில் பாதி தவறு.

முதலில், "அங்கே தப்பித்தவர்கள் எல்லாரும் கேன்சரில் போனார்கள்" என்பது. 1958 முதல் 1998 வரை, கதிர்வீச்சுக்கு ஆளான சுமார் 44,600 பேரில் 7,851 பேருக்குக் கட்டி வகைப் புற்றுநோய் வந்தது. குண்டு விழாமல் இருந்திருந்தாலும் இதில் பெரும்பாலானவை வந்திருக்கும், கதிர்வீச்சால் கூடுதலாக வந்தவை 848 என்று மதிப்பிட்டார்கள். ரத்தப் புற்றுநோயின் கதை வேறு. 2000 வரை அந்த நோயில் இறந்த 204 பேரில் 94 மரணங்கள் கதிர்வீச்சால் வந்தவை, கிட்டத்தட்ட பாதி. அது பத்து வருஷத்துக்குள்ளேயே உச்சத்துக்குப் போனது, சின்ன வயதில் ஆளானவர்களைத்தான் அதிகம் தாக்கியது. கட்டி வகையோ மெதுவாகத் தொடங்கி வாழ்நாள் முழுக்கக் கூடவே வருகிறது. அதனால் "நாற்பது வருஷம் ஆச்சு, இனிமேல் ஒன்றும் வராது" என்பதும் தப்பு.

அடுத்தது டோஸ், அதாவது உடம்பில் பட்ட கதிர்வீச்சின் அளவு. "கதிர்வீச்சு பட்டதா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறோம், எவ்வளவு பட்டது என்பதுதான் கேள்வி. ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய், அந்த நிமிடம் எங்கே நின்றீர்கள், ஓட்டு வீட்டுக்குள்ளா வெளியிலா, எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, இடையில் என்ன சுவர் இருந்தது என்று கேட்டு, வீட்டின் வரைபடம் போட்டுத்தான் ஒவ்வொருவருக்கும் டோஸ் கணக்கிட்டார்கள். சில நூறு மீட்டர் தள்ளி இருந்தாலே அது பல மடங்கு குறைந்துவிடும். குடும்பமே போன ஒரு மனுஷியை உட்காரவைத்து அந்தக் காலை நேரத்தை மறுபடி நினைக்கச் சொல்லி வாங்கிய எண்கள் இவை. அதுவும் 1947-இல் அமெரிக்கா தொடங்கிய, இந்த ஆய்வை முதலில் நடத்திய ஆணையம் பரிசோதித்ததே தவிர சிகிச்சை தரவில்லை என்ற கோபம் அந்த மக்களுக்கு இருந்தது, நியாயமான கோபம்.

சரி, 30 வயதில் 1 கிரே (டோஸை அளக்கும் அலகு) வாங்கியவருக்கு 70 வயதில் கட்டி வகைப் புற்றுநோய் ஆபத்து சுமார் 50 சதவீதம் கூடும் என்று படித்தால், இரண்டில் ஒருவருக்கு நோய் என்று அர்த்தமில்லை. உதாரணத்துக்கு, 20 பேருக்கு வரக்கூடிய இடத்தில் 30 பேருக்கு வரும். சதவீதம் எதன் மேல் ஏறுகிறது என்று பார்க்காமல் பகிராதீர்கள்.

என்னை மிகவும் வருத்துகிற தவறு குழந்தைகள் பற்றியது. குண்டுக்குப் பிறகு கருவாகிப் பிறந்த சுமார் 77,000 பிள்ளைகளைப் பார்த்ததில், பிறவிக் குறைபாடோ பரம்பரை நோயோ கூடியதாக இதுவரை தெரியவில்லை. ஆனால் அந்தப் பயத்தால் ஜப்பானில் எத்தனையோ பெண்களுக்குக் கல்யாணம் நடக்கவில்லை! குண்டு விழுந்தபோது வயிற்றில் இருந்த சிசுக்களின் நிலை வேறு. முக்கியமாக 8 முதல் 15 வார வளர்ச்சியில் இருந்தவர்களில் சிலர் சின்னத் தலையோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் பிறந்தார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் பிரச்சினை.

அப்புறம், ஒரு நொடியில் பட்டதையும் ஆண்டுக்கணக்கில் துளித்துளியாகப் படுவதையும் ஒரே தராசில் வைப்பது. இயற்கையாகவே கதிர்வீச்சு தரும் மோனசைட் மணல் நிறைந்த கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருஷம் பின்தொடர்ந்தபோது புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதே மணல் கிடக்கிற, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கம் இதைச் சொல்லி "ஒன்றும் ஆகாது" என்று வாதாடுவது அவசரம். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்காவின் அணுத்துறைத் தொழிலாளர்கள் மூன்று லட்சம் பேரை ஆராய்ந்து 2023-இல் வந்த முடிவில், மெதுவாகச் சேர்ந்த டோஸுக்கும் கட்டி வகைப் புற்றுநோய் மரணம் கூடியிருந்தது.

கடைசியாக, தேடினால் கிடைப்பதை எல்லாம் பாதிப்பு என்று எண்ணுவது. 2011-இல் அணு உலை விபத்து நடந்த ஜப்பானின் ஃபுகுஷிமாவில் பிள்ளைகள் எல்லாருக்கும் தைராய்டு ஸ்கேன் எடுத்தபோது கட்டிகள் நிறையத் தென்பட்டன, ஆனால் விபத்து தொடாத ஆவோமோரி, யமனாஷி, நாகசாகிப் பிள்ளைகளுக்கு எடுத்தபோதும் அதே அளவில் தென்பட்டன. 1986-இல் அணு உலை வெடித்து உண்மையிலேயே பாதிப்பு நடந்த செர்னோபிலில், பிள்ளைகளின் தைராய்டுக்குள் கதிரியக்க அயோடின்-131 போனது முக்கியமாகப் பால் வழியாக. ஃபுகுஷிமாவில் அந்தப் பாலை மார்ச் 2011-லேயே நிறுத்திவிட்டார்கள்.