ஆசிரியருக்கு விடுமுறைக்காலப் பரிசு: எதைத் தரலாம், எப்படித் தரலாம்?

விடுமுறைக்குப் பள்ளி மூடும் முன் பிள்ளையின் ஆசிரியருக்கு ஏதாவது தர வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் நேராகக் கடைக்குப் போய்விடுகிறார்கள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பள்ளியின் விதிமுறை. பெற்றோரிடமிருந்து ஆசிரியர்கள் பரிசு பெறுவதைச் சில பள்ளிகள் முற்றிலும் தடை செய்திருக்கின்றன. வேறு சில பள்ளிகள் பரிசின் மதிப்புக்கு வரம்பு வைத்திருக்கின்றன. ஆசிரியர் அரசு ஊழியராக இருந்தால் அவருடைய பணிவிதிகளும் குறுக்கே வரக்கூடும். இதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியரிடமே கேட்டால், வேண்டும் என்றும் சொல்ல முடியாமல் வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல் அவர் சங்கடப்படுவார்.

விதி இடம் கொடுத்தாலும் விலையில் கவனம் தேவை. ஆசிரியர் நம் பிள்ளைக்கு மதிப்பெண் இடுபவர் என்பதால், விலையுயர்ந்த பொருளை வாங்கிக்கொண்ட பிறகு அவர் எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டாலும் பார்ப்பவர்களுக்கு அது சலுகையாகவே தோன்றும். ரொக்கமாகத் தருவதை அறவே தவிர்த்துவிடலாம். பிள்ளையைப் பற்றிய முக்கியமான முடிவு ஏதேனும் அவர் கையில் நிலுவையில் இருந்தால், அது முடியும்வரை பரிசைத் தள்ளிப்போடுவதே இருவருக்கும் மரியாதை.

எந்தப் பரிசோடும் சேர வேண்டியது, தனியாகக் கொடுத்தாலும் போதுமானது, பிள்ளை தன் கையால் எழுதிய கடிதம். 'நன்றி டீச்சர்' என்று மட்டும் எழுத வைப்பதைவிட, 'இந்த வருஷம் டீச்சர் சொல்லிக் கொடுத்ததில் உனக்கு எது நன்றாக ஞாபகம் இருக்கிறது?' என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். 'கடன் வாங்கிக் கழிப்பது எனக்குப் புரியவே இல்லை. நீங்கள் பத்துக் குச்சி கொண்ட ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினீர்கள். அப்புறம் புரிந்தது' என்பது போன்ற மூன்று வரி வந்தால், தம் உழைப்பில் எது பிள்ளையின் மனத்தில் தங்கியது என்பது ஆசிரியருக்குத் தெரியும். வேறு எந்தப் பரிசிலும் அவருக்கு அது கிடைக்காது. எழுத்துப்பிழைகளை நீங்கள் திருத்த வேண்டாம். எழுதத் தெரியாத சிறு குழந்தை வரையட்டும். படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அதன் சொற்களிலேயே கீழே குறித்துவிடுங்கள். பெற்றோரும் ஆசிரியரைப் பாராட்டி ஒரு கடிதம் எழுதி அதன் நகலைத் தலைமையாசிரியருக்கு அனுப்பலாம். செலவே இல்லாத இந்தக் காரியம் அவருடைய பணிக்கும் துணை நிற்கும்.

பொருளாகவே தர விரும்பினால், அவர் அன்றாடம் பயன்படுத்துவதாகவோ பயன்படுத்தித் தீர்ந்துபோவதாகவோ இருக்கட்டும்: நல்ல பேனா, குறிப்பேடு, வகுப்பு நூலகத்துக்கு ஒரு கதைப் புத்தகம். 'சிறந்த ஆசிரியர்' என்று அச்சிட்ட கோப்பைகள் அவரிடம் ஏற்கெனவே பல இருக்கும். வாசனைத் திரவியமும் மணமூட்டிய மெழுகுவர்த்தியும் சிலருக்குத் தலைவலியையும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஆடையும் அலங்காரப் பொருள்களும் அளவுக்கு மீறிய நெருக்கத்தைக் காட்டும். உணவு வகைகளை, அவர் எதை உண்பார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தாருங்கள். கிஃப்ட் கார்டு வசதியானதுதான், ஆனால் சில பள்ளிகள் அதையும் ரொக்கமாகவே கருதுகின்றன. விதி அனுமதித்தால், பல வகைப் பொருள் கிடைக்கும் கடையுடையதாகப் பார்த்து, காலாவதித் தேதியையும் சரிபார்த்து வாங்குங்கள்.

வகுப்புப் பெற்றோர் ஒன்றுசேர்ந்து ஒரே பரிசாகத் தருவது பெரும்பாலும் நல்ல வழி. யார் கொடுத்தது பெரிது என்ற போட்டி அதில் எழாது. ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று தொகையை நிர்ணயிப்பதும், யார் எவ்வளவு தந்தார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் பட்டியலிடுவதும் வசதி குறைந்த குடும்பங்களைக் கூசச் செய்யும். பணத்தை ஒருவரிடம் தனியாகச் சேர்க்கட்டும். பணம் தராத வீட்டுப் பிள்ளையின் பெயரும் வாழ்த்து அட்டையில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

பரிசை மற்றப் பிள்ளைகளின் முன்னால் கொடுக்காமல், காலையில் வகுப்பு தொடங்கும் முன்போ மாலையில் மணி அடித்த பின்போ கொடுப்பது நல்லது. கடைசி நாள் பரபரப்பில் பைகளும் பெயர்களும் மாறிப்போகும் என்பதால், இரண்டு மூன்று நாள் முன்னதாகவே, பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சிறு குழந்தைகளின் வகுப்பில் உதவியாளர் ஒருவர் இருப்பார். மூக்கைத் துடைத்துவிடுவதும் செருப்பை மாட்டிவிடுவதும் அவர்தான். அவருக்கும் ஓர் அட்டையாவது எழுதுங்கள்.

விடுமுறைக்கு முன் முடியாமற்போனாலும் பரவாயில்லை. அக்டோபர் 5ஆம் நாள் 1994 முதல் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்றும் கொடுக்கலாம், கல்வியாண்டின் இறுதியிலும் கொடுக்கலாம். விதியைக் காட்டி ஆசிரியர் பரிசைத் திருப்பித் தந்தால், மறுமுறை வற்புறுத்தாமல் வாங்கிக்கொண்டு, கடிதத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.