லூவரில் அஃப்ரோடைட்டியைப் பார்ப்பது எப்படி?

ஊரிலிருந்து சொந்தக்காரர் யார் பாரிஸுக்கு வந்தாலும் லூவர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. ஆடையில்லாத சிலை எதிரே வந்ததும் பெரியவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், பிள்ளைகள் கிளுகிளுவென்று சிரிப்பார்கள். அவர்களிடம் நான் சொல்வது: முதலில் கைகளைப் பாருங்கள். அப்புறம் காலடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கொஞ்சம் முன்கதை வேண்டும். ஆணை அம்மணமாகவும் பெண்ணை ஆடையோடும் செதுக்கிப் பழகியவர்கள் கிரேக்கர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவில் சிற்பி பிராக்சிடலீஸ் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியை ஆடையோடு ஒன்று, இல்லாமல் ஒன்று எனச் செய்து விற்பனைக்கு வைத்தாராம். கோஸ் தீவுக்காரர்கள் ஆடை உடுத்தியதை எடுத்துக்கொண்டார்கள். மற்றதை க்னிடோஸ் நகரம் வாங்கியது. பின்னாளில் நிகோமீடிஸ் மன்னர், ஊர்க்கடன் முழுவதையும் அடைக்கிறேன், சிலையைக் கொடுங்கள் என்று கேட்டும் அவர்கள் மசியவில்லை என்கிறார் பழங்கால ரோமானிய எழுத்தாளர் பிளினி.

அசல் இன்று இல்லை. ரோமானியர் காலத்து நகல்கள்தான் இருக்கின்றன. அவற்றில் ஒரு கை அடிவயிற்றுக்கு முன்னால், மற்றொரு கையில் துணி, பக்கத்தில் தண்ணீர்க்குடம். குளிக்கும் நேரம், அவ்வளவுதான். குடம் இருப்பதால் அம்மணத்துக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. பளிங்கு ஒடியாமல் முட்டுக்கொடுப்பதும் அதுவே. நகல்களில் மரக்கட்டை, டால்பின் என எது ஒட்டிக்கொண்டிருந்தாலும் முட்டுதானா என்று சந்தேகப்படுங்கள்.

சரி, லூவரில் கூட்டம் மொய்ப்பது 1820இல் மிலோஸ் தீவில் கிடைத்த வீனஸிடம் (அஃப்ரோடைட்டிக்கு ரோமானியர் வைத்த பெயர் வீனஸ்). அங்கே கைகளே இல்லையே என்பீர்கள். வலது கையின் மிச்சத்தில் உலோகக் காப்பு பூட்டிய துளைகளைத் தேடுங்கள். காது மடலிலும் துளை உண்டு. நாம் வெறும் கல்லாகப் பார்ப்பவள் நகையோடு நின்றவள். இரண்டு பெரிய பளிங்குத் துண்டுகளை இடுப்பருகே பொருத்தியிருக்கிறார்கள். அந்த இணைப்பைத் துணி மடிப்புகள் மறைக்கின்றன. பின்னால் போய்ப் பாருங்கள், முன்பக்கம் அளவுக்கு இழைத்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் பிடித்தது வேறு: பிரான்சின் வியென் நகருக்கு அருகே கிடைத்த, குந்தி உட்கார்ந்திருக்கும் அஃப்ரோடைட்டி. தலையும் கைகளும் போய்விட்டன. ஆனால் வயிற்றில் விழும் சதை மடிப்பைச் சிற்பி விடவில்லை. முதுகில் ஒரு குழந்தைக் கை ஒட்டியிருக்கும். அது அவள் மகன் ஈரோஸின் கை. பிள்ளையின் மற்ற உடம்பு உடைந்து போயிற்று. இதைச் சுற்றி வந்து பார்த்தால்தான் தெரியும், அதனால் சுற்ற இடம் கிடைக்கும் நேரமாகக் காலையிலேயே போங்கள். செவ்வாய்க்கிழமை லூவர் விடுமுறை.