பிளாரன்ஸில் மதியச் சாப்பாடு

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பெரிய தேவாலயத்தைச் சுற்றி, படம் போட்ட மெனு வைத்திருக்கும் கடைகளில் உட்கார்ந்துவிடாதீர்கள். கிழக்கே கால் மணி நேரம் நடந்தால் சான்ட் அம்ப்ரோஜியோ சந்தை. 1873இல் திறந்தது; ஊர்க்காரர்கள் காய்கறி வாங்கும் இடம். பெரும்பாலும் மதியத்தோடு கடை கட்டிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை.

சைவமா? ரிபொல்லிட்டா கேளுங்கள். பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கரும்பச்சைக் கீரை எல்லாம் சேர்ந்து கரண்டி நிற்கும் பதத்துக்கு வெந்திருக்கும். மேலே ஆலிவ் எண்ணெய். அவ்வளவு ருசி! இறைச்சிச் சாறு சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடுபவர்கள் லாம்ப்ரெடோட்டோவைத் தவறவிடக் கூடாது: மாட்டின் நான்காம் இரைப்பையை வேகவைத்து, அந்தச் சாற்றில் தோய்த்த பன்னுக்குள் வைத்துத் தருவார்கள்.

ரொட்டியில் உப்பே இருக்காது, அது அந்த வட்டார வழக்கம். காபியை நின்றபடியே குடியுங்கள். உட்கார்ந்தால் பெரும்பாலும் விலை கூடும்.