பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்

பழைய லேப்டாப்பில் முதல் காரியமாக பிரவுசரைத் திறந்து பார்த்துவிட்டு, "இனி இது தேறாது" என்று ஓரங்கட்டிவிடுவார்கள். இருப்பதிலேயே அதற்கு ஒத்துவராத வேலை அதுதான். வேறு ஏதாவது ஒரே வேலைக்கு ஒதுக்கினால் நன்றாகவே உழைக்கும்.

முதலில் பேட்டரி. உப்பியிருந்தால் குத்தாமல், வளைக்காமல் கழற்றிவிட்டு அடாப்டரிலேயே ஓட்டுங்கள். அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பின்னோக்கி ஓடினால் உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சிறிய சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள்.

ஹார்ட் டிஸ்க் சாட்டா (சற்றுப் புதிய இணைப்பு) வகை என்றால் 2.5 அங்குல எஸ்எஸ்டி போடலாம். அதற்கு முந்தைய 44 பின் ஐடிஇ இணைப்பு என்றால், அதற்கான அடாப்டரில் காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற மெமரி கார்டைப் போடலாம். இங்கேதான் கை தவறும்: ஒரு வரிசை தள்ளிச் செருகினால் மின்சாரம் தப்பான பின்னில் பாய்ந்து கார்டு போய்விடலாம். 20-ஆவது பின் இல்லாத இடமும் கனெக்டரில் அடைபட்ட துளையும் நேராக வருகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

அடுத்து இயங்குதளம். 64 பிட் பிராசசர் என்றால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் இப்போதைய பதிப்பே போதும். 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலர் இல்லை. 32 பிட் இயந்திரத்துக்கு டெபியன் 12 அல்லது ஆன்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸ்.

பக்கவாட்டில் 9 பின் சீரியல் போர்ட் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். ரவுட்டர், ஸ்விட்ச், பழைய ஆலை இயந்திரங்களோடு பேச இதைவிடத் தோதான கருவி கிடையாது. சீரியல் போர்ட் வழியே பேச உதவும் மினிகாம் என்ற மென்பொருளை நிறுவி 9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வையுங்கள். திரையில் கிறுக்கல் வந்தால் வேகம் பொருந்தவில்லை. 115200 வைத்துப் பாருங்கள். எதுவுமே வராவிட்டால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம்: 2, 3 பின்கள் குறுக்காக மாறும் நல்-மோடம் கேபிள் வேண்டிய இடத்தில் நேர் கேபிள் போட்டிருப்பீர்கள். எழுத்து வருகிறது, தட்டுவது மட்டும் போய்ச் சேரவில்லையா? மினிகாம் அமைப்பில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை அணையுங்கள்.

எழுதுவதற்கென்றே வைத்துக்கொள்ளலாம், பழைய கீபோர்டுகளில் பல இன்றைய தட்டைப் பலகைகளைவிட விரலுக்கு இதம். ஆங்கிலத்துக்கு வெறும் டெர்மினல் போதும். லினக்ஸின் கருப்புக் கன்சோலில் தமிழ் ஒழுங்காகத் தெரியாது என்பதால், தமிழில் எழுத ஐஸ்டபிள்யூஎம் போன்ற இலகுவான டெஸ்க்டாப், ஒரு தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை மூன்றும் தேவை.

கோப்புச் சேமிப்பு சர்வராக்குவதில் எனக்கு அரை மனசுதான். யுஎஸ்பி 1.1 போர்ட்டில் வினாடிக்குச் சுமார் 1 எம்பிதான் நகரும். 10 ஜிபி நகலெடுக்கவே 3 மணி நேரம் ஆகும். 100 மெகாபிட் லேன் வழியாகச் சுமார் 11 எம்பி கிடைக்கும், அது பரவாயில்லை. ஆனால் 20 வாட் இழுக்கும் இயந்திரம் இரவும் பகலும் ஓடினால் மாதம் 14 யூனிட்டுக்கு மேல் ஆகும். வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்க மட்டும் இயக்குங்கள். மூடியை மூடியதும் தூங்கிவிடாதபடி பவர் அமைப்பையும் மாற்றிவையுங்கள்.