எந்த வேதிப்பொருளுக்கு எந்தக் கையுறை

‘கெமிக்கல் கையுறை’ என்று பொதுப்பெயர் சொல்லி வாங்கும்போதே தவறு தொடங்கிவிடுகிறது. எல்லா வேதிப்பொருள்களையும் தடுக்கும் கையுறை என்று ஒன்று கிடையாது. இன்ன பொருளை, இன்ன செறிவில், இத்தனை நிமிடம் தாங்கும் என்பது மட்டுமே ஒரு கையுறையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது. ஆகவே முதலில் எடுத்துப் படிக்க வேண்டியது, கையாளப்போகும் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளில் உள்ள 8ஆம் பிரிவு. ‘தகுந்த கையுறை அணியவும்’ என்று ஒரு வரியோடு கைகழுவிவிடும் தாள்களும் உண்டு. அப்போது எந்த மூலப்பொருளால் ஆனது, எவ்வளவு தடிமன், எத்தனை நிமிடம் தாங்கும் என்று பொருளை வழங்கியவரிடம் எழுத்திலேயே கேட்டுப் பெறுவது நல்லது.

கையுறை பயன்படாமல் போவதில் கண்ணுக்குத் தெரியும் வகையும் உண்டு, தெரியாத வகையும் உண்டு. ஊசித்துளை, கிழிசல், உப்பி வழவழத்துப்போதல், விறைத்து வெடித்தல் ஆகியவற்றைப் பார்த்த உடனே கழற்றிவிடுவோம். ஆபத்து அதிகம் உள்ளது ஊடுருவலில்தான்: திரவத்தின் மூலக்கூறுகள் கையுறையின் மேற்பரப்பில் கரைந்து, அதன் ஊடாகவே நகர்ந்து, உட்புறம் வெளிப்படும், கையுறையோ புதிதுபோலவே இருக்கும். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் லேடெக்ஸ் கையுறைமேல் 1996 ஆகஸ்டில் டைமெத்தில்மெர்குரி என்ற பாதரசச் சேர்மம் சில துளிகள் சிந்தின. அவ்வகைக் கையுறையை அது 15 விநாடிகளுக்குள் கடந்துவிடும் என்பது பிறகு செய்த சோதனையில்தான் தெரியவந்தது. பாதரச நஞ்சேறி 1997 ஜூனில் அவர் இறந்தார்.

மூலப்பொருளைத் தேர்வதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர், எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் ஹெப்டேன் போன்ற ஹைட்ரோகார்பன்களுக்கும் நன்றாக ஈடுகொடுக்கும். அசிட்டோனிலும் டைகுளோரோமீத்தேனிலும் விரைவில் தோற்றுவிடும். பியூட்டைல் ரப்பர் அசிட்டோனை மணிக்கணக்கில் தாங்கும், ஆனால் ஹெப்டேனிடம் நிற்காது. இரண்டு கரைப்பான்களும் புழங்கும் பட்டறையில் ஒரே ஜோடியை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும். டொலுயீன் போன்றவற்றை நன்கு தடுக்கும் பாலிவினைல் ஆல்கஹால் கையுறையை ஈரக் கையோடு தொட்டாலே கெட்டுவிடும், ஏனெனில் அதன் பூச்சு தண்ணீரில் கரையக்கூடியது. பலபடல லேமினேட் கையுறை மிகப் பல பொருள்களைத் தடுக்கும். ஆனால் விரலோடு ஒட்டாமல் தொளதொளவென்று இருப்பதால், அதன்மேல் இறுக்கமான இன்னொரு கையுறையை அணிந்து வேலை செய்வது வழக்கம். பெட்டியிலிருந்து உருவிப் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறையைப் பற்றி என் கருத்து கறாரானது: அது தெறிப்புக்கு மட்டுமே, அதுவும் பட்டவுடன் கழற்றி எறிவதற்காக. அதை அணிந்துகொண்டு கரைப்பானில் கைவிட்டுத் துழாவுவது வெறுங்கையோடு துழாவுவதைவிட அதிகம் மேலானதல்ல.

கையுறையின்மீது ஈஎன் ஐஎஸ்ஓ 374-1 என்ற, வேதிப்பொருள் கையுறைகளுக்கான தரநிலையின் குறியும் குடுவைப் படமும் இருந்தால், படத்தின் கீழுள்ள எழுத்துகளைப் படியுங்கள். ஒவ்வோர் எழுத்தும் ஒரு சோதனைப் பொருள்: பி அசிட்டோன், எஃப் டொலுயீன், கே 40 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, எல் 96 சதவீத கந்தக அமிலம். இவ்வெழுத்துகள் வேறு, கையுறையின் வகை வேறு: ஏ வகை என்றால் ஆறு பொருள்களை, பி வகை என்றால் மூன்று பொருள்களை, குறைந்தது 30 நிமிடம் தாங்கியது என்று பொருள். சி வகைக்கு ஒரே பொருளை 10 நிமிடம் தாங்கினால் போதும். இவை 23 டிகிரி வெப்பத்தில் ஆய்வகத்தில் பெற்ற எண்கள். சூடான திரவத்திலும், விரல் முட்டியில் கையுறை இழுபட்டு மெலியும் இடத்திலும் அந்த நேரம் குறையும். கலவை என்றால், தனித்தனிப் பொருள்களின் எண்களை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். அக்கலவைக்கே சோதனை முடிவு கேளுங்கள். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: முதல் துளி பட்ட கணத்திலேயே நேரம் ஓடத் தொடங்குகிறது, கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாலும் உள்ளே புகுந்த மூலக்கூறுகள் நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

தடிமன் கூடினால் ஊடுருவும் நேரம் கூடும். இருமடங்கு தடிமனுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு என்பது கோட்பாட்டுக் கணக்கு. ஆனால் சிறு திருகைப் பிடிக்க முடியாத தடித்த கையுறையை ஆட்கள் பாதியில் கழற்றிவிடுவார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்யும் வேலையானால், வழியும் திரவம் முழங்கைக்கு ஓடாதபடி கையுறையின் விளிம்பை வெளிப்புறமாக மடித்து விடுங்கள்.

அணிவதற்கு முன், விளிம்பைச் சுருட்டிக் காற்றை அடைத்து, விரல்களை அழுத்திப் பாருங்கள். எங்காவது காற்று கசிந்தால் அது குப்பைக்கு. கழற்றும்போது ஒரு கையுறையின் மணிக்கட்டு ஓரத்தை வெளிப்புறமாகப் பிடித்து உட்புறம் வெளியே வரும்படி உரித்து, அதை மற்றக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, வெறும் விரலை இரண்டாவதன் உட்புறம் நுழைத்து, முதலாவதை உள்ளடக்கியபடி உரித்தெடுக்க வேண்டும். பிறகு இரண்டையும் அந்த வேதிக்கழிவுக்கு உரிய தொட்டியில் போட்டுவிட்டு, சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.