யாருடைய வால்வில் நடந்த ஆய்வு அது? இதய வால்வு நோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதய வால்வு நோய் உள்ளவர்கள் செய்யும் தவறுகளில் மிக ஆபத்தானது எது என்று கேட்டால், வேறொருவருக்கு வந்த ஆய்வு முடிவைத் தனக்கு வந்ததாக எடுத்துக்கொள்வது என்றுதான் சொல்வேன். தக்கலைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வால்வு மாற்றியவர்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை வாங்க மாதாமாதம் வருவார்கள். இப்போதெல்லாம் பலர் செல்போனை நீட்டி, "அண்ணா, ரத்த டெஸ்டே வேண்டாத புது மாத்திரை வந்திருக்காம், அதைத் தாங்க" என்கிறார்கள். வந்திருப்பது உண்மைதான். அவர்களுக்காக வரவில்லை.

வால்வு நோயில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. சிறு வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வந்து, அதைத் தொடர்ந்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து, வருடங்கள் கழித்து வால்வு தடித்துச் சுருங்குவது ஒன்று. வயதான காலத்தில், இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்ட்டிக் வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகுவது மற்றொன்று. பணக்கார நாடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். அதனால் பெரிய ஆய்வுகளில் பலவும் அதைச் சுற்றியே நடக்கின்றன. நம் ஊரில் முப்பது, நாற்பது வயதுப் பெண்களுக்கு மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது) சுருங்கியிருந்தால் பெரும்பாலும் அது முதல் வகை. செய்தியில் "வால்வு நோயாளிகளுக்கு" என்று பொதுவாகப் போட்டிருந்தால், எந்த வால்வு, எந்த நோய், எந்த வயது என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

அந்தப் புது மாத்திரை விஷயம்

ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ எடுப்பவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண்ணை ரத்தப் பரிசோதனையில் பார்த்தபடியே இருக்க வேண்டும். ரிவராக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரான் போன்ற புது மருந்துகளுக்கு அது தேவையில்லை. பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ரத்தம் கொடுக்க பஸ் ஏறி நாகர்கோவில் வந்து, ஒரு நாள் கூலியையும் இழப்பவருக்கு இது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியும். ஆனால் உலோக வால்வு வைத்தவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தே விட்டார்கள். ரீ-அலைன் என்ற ஆய்வில் 252 பேர் சேர்ந்திருந்தபோதே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. டாபிகாட்ரான் எடுத்தவர்களில் 5 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்தது. வார்ஃபரின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. பெரிய ரத்தக்கசிவும் புது மருந்தில்தான் அதிகம். 2013-ல் முடிவு வெளியானது. பிறகு ஆன்-எக்ஸ் என்ற உலோக வால்வை அயோர்ட்டிக் இடத்தில் வைத்தவர்களுக்கு அபிக்சபான் கொடுத்துப் பார்த்த ஆய்வையும் 2022-ல் இடையிலேயே நிறுத்தினார்கள். காரணம் அதேதான்: ரத்தக்கட்டி.

"எனக்கு வால்வு மாற்றவில்லையே, ருமாட்டிக் நோயும் இதயத் துடிப்பில் ஒழுங்கின்மையும்தானே" என்பவர்களுக்கும் பதில் வந்துவிட்டது. இன்விக்டஸ் ஆய்வு 24 நாடுகளில் சுமார் 4,500 பேரை வைத்து நடந்தது. ஐரோப்பாக்காரர்களின் முடிவை நம் மீது ஏற்றியதல்ல இது. ருமாட்டிக் நோய் உள்ள நாடுகளில், ருமாட்டிக் நோயாளிகளிடமே நடந்தது. பழைய மருந்து எடுத்தவர்களுக்கு ஐஎன்ஆர் எப்போதும் சரியான வரம்பில் நின்றதுமில்லை. அப்படியிருந்தும் ரிவராக்சபான் பிரிவைவிட அவர்களிடம் மரணம் குறைவாக இருந்தது. பிரேசிலில் நடந்த ரிவர் ஆய்வோ, திசு வால்வை (விலங்குத் திசுவால் செய்தது) மைட்ரல் இடத்தில் வைத்து, துடிப்பு ஒழுங்கின்மையும் உள்ள 1,005 பேருக்கு இதே ரிவராக்சபான் வார்ஃபரினுக்குக் குறைந்ததல்ல என்று 2020-ல் சொன்னது. மருந்து ஒன்றுதான். வால்வு மாறியதும் முடிவு மாறிவிட்டது. உறவினர் ஒருவர் இந்த மாத்திரையில் நன்றாக இருக்கிறார் என்றால், அவருக்கு வைத்திருப்பது என்ன வால்வு என்று முதலில் விசாரியுங்கள்.

கடைக்காரன் என்ற முறையில் இன்னொன்று. அசெனோகூமராலும் (அசிட்ரோமில் இருக்கும் மருந்து) வார்ஃபரினும் ஒரே வேலையைச் செய்தாலும் மில்லிகிராம் கணக்கு வேறு. ஒன்று கிடைக்கவில்லை என்று மற்றதை அதே அளவில் வாங்கக் கூடாது. 2 மில்லிகிராம் இல்லை, 4 இருக்கிறது என்று யாராவது எடுத்துத் தந்தால், பாதியாக உடைக்க வேண்டும் என்பதை உறையின் மேலேயே எழுதி வாங்குங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

கீரை, கஷாயம், வர்மம்

"கீரை முழுசா நிறுத்தியாச்சு அண்ணா, பிறகும் ரிசல்ட் நிக்க மாட்டேங்கு" என்பது அடிக்கடி கேட்கிற புலம்பல். முருங்கைக்கீரையில் வைட்டமின் கே அதிகம், அது மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பது சரி. ஆனால் கீரையை அடியோடு நிறுத்தினால், ஒரு நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்ட கீரையே ஐஎன்ஆர் எண்ணைக் கீழே தள்ளிவிடும். வாரத்தில் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டு, அதற்கேற்ற டோஸை மருத்துவர் நிர்ணயிப்பதுதான் முறை.

ஐஎன்ஆரை ஏற்றிக் குலைப்பவை வேறு. வயிற்றுப்போக்குக்குத் தாங்களாகவே வாங்கும் மெட்ரோநிடசோல், சிறுநீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் இரண்டும் எண்ணை வேகமாக உயர்த்தும். மூட்டுவலிக்கு டைக்ளோபினாக் போட்டால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் மீது மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் ரத்தம் உறையாத மருந்து எடுப்பவர் எண்ணெய் போட்டு அழுத்தித் தடவச் சொன்னால், தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். ஆசானிடமும் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

உலோக வால்வு வைத்தவர்கள் சன்னமாக ஒரு டிக் டிக் சத்தம் கேட்டுப் பழகியிருப்பார்கள். அது திடீரென மங்கி, மூச்சும் வாங்கினால், வால்வில் ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எந்த வால்வு என்பதைத் தீர்மானிக்கும்போது

"எது காலத்துக்கும் உழைக்குமோ அதை வையுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். உலோக வால்வு நெடுநாள் உழைக்கும், ஆனால் ஆயுள் முழுக்க மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். திசு வால்வுக்கு பொதுவாக அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் 10, 15 ஆண்டுகளில் தேயும், இளவயதினருக்கு இன்னும் சீக்கிரம். கலிபோர்னியா நோயாளிகளை வைத்து 2017-ல் வந்த ஆய்வு, அயோர்ட்டிக் வால்வில் 55 வயது வரையிலும் மைட்ரலில் 70 வரையிலும் உலோக வால்வு வைத்தவர்களே கூடுதல் நாள் வாழ்ந்ததைக் காட்டியது. ஐஎன்ஆர் பார்க்க எளிதான ஊரில் கிடைத்த முடிவு அது. தூத்தூரிலோ வள்ளவிளையிலோ ஆழ்கடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் கரை காணாமல் இருப்பார், தூண்டில் கீறலும் கத்திக் காயமும் அன்றாடம். பிள்ளை பெற நினைக்கும் பெண்ணுக்கும் கணக்கு வேறு: கர்ப்பத்தின் 6 முதல் 12-ம் வாரம் வரை வார்ஃபரின் வகை மருந்து கருவைப் பாதிக்கலாம், மருந்தை நிறுத்தினாலோ தாயின் வால்வில் ரத்தம் கட்டும். தொழில் என்ன, குடும்பத் திட்டம் என்ன என்பதை அறுவை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பெண் வீட்டார் நோயை மறைத்துக் கல்யாணம் முடிப்பதில் உயிராபத்தே இருக்கிறது.

பக்கத்தில் திருவனந்தபுரத்திலேயே இந்த வால்வு வரலாற்றின் பெரிய பகுதி நடந்தது. ஸ்ரீ சித்திரா நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான சித்திரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. வெளிநாட்டு வால்வின் விலை எட்டாத நம் மக்களுக்காகவே செய்தது அது. விலை குறைவு என்பதால் தரம் குறைவு என்று நினைத்துக் கடன் வாங்கி வேறு தேடுவதும் தவறுதான்.

ஊசியை நிறுத்துவது

ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை, "இப்போ ஒண்ணுமில்லையே" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நிறுத்திவிடுகிறார்கள். உகாண்டாவில் 818 சிறுவர் சிறுமியரிடம் ஓர் ஆய்வு நடந்தது. எக்கோ எனும் இதய ஸ்கேனில் மட்டும் தெரிந்த, வெளியே எந்த அறிகுறியும் இல்லாத ருமாட்டிக் நோய் அவர்களுக்கு. 2 ஆண்டுகளில் ஊசி போட்டவர்களில் நோய் முற்றியது 0.8 சதவீதம், போடாதவர்களில் 8.2. ஒன்றுமில்லாதது போல் இருக்கும் காலத்தில்தான் ஊசிக்கு வேலை அதிகம். வால்வு மாற்றிய பிறகும் மற்ற வால்வுகளைக் காக்க அது தேவைப்படலாம். வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்கு ஊசியா மாத்திரையா என்பதை மட்டும் மருத்துவர் தீர்மானிக்கட்டும். பல் பிடுங்கும் முன் செயற்கை வால்வு இருப்பதைச் சொல்லி, ஆன்டிபயாட்டிக் எடுப்பதையும் மறக்கக் கூடாது.

விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போகும்போது மேடேறினால் மூச்சிரைக்கிறது, ராத்திரி படுத்தால் இருமல் வருகிறது என்பதை இளைப்பு என்று எண்ணி இன்ஹேலரோடு வருடங்களைக் கழிப்பவர்களும் உண்டு. ஓர் எக்கோ எடுத்தால் தெரிந்துவிடும்.

வயதானவர்களின் அயோர்ட்டிக் சுருக்கத்தை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை கரைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். 1,873 பேரிடம் நடந்த சீஸ் ஆய்வு 2008-லேயே அந்த நம்பிக்கையை முடித்துவிட்டது. தொடை வழியாக வால்வு வைக்கும் டாவி முறையை 2002-ல் பிரான்சில் ஆலன் கிரிபியே முதலில் செய்தார். அது இந்த நோய்க்கு உருவானது. சுருங்கிய மைட்ரலுக்குப் பலூன் சிகிச்சை வேறு.

ஆய்வில் சேரச் சொன்னால்

பயந்து ஓடுவதும் தவறு, இலவசமாகப் புதுச் சிகிச்சை என்று பாய்வதும் தவறு. நம்மூர்க்காரர்கள் சேராவிட்டால் இன்விக்டஸ் போல நமக்கான பதில் கிடைக்காது. அதே சமயம் எந்தப் பிரிவில் விழுவோம் என்பது நம் கையில் இல்லை, பழைய சிகிச்சையே கிடைக்கலாம். இந்திய ஆய்வுப் பதிவேட்டில் பதிவெண் உண்டா, நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததா, பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள் என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போகும் நம்மவர்கள் பலர் மலையாளம் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. ஒப்புதல் படிவம் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழில் கேட்டு வாங்கி, ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய், படித்தவர் ஒருவரை வைத்து வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.